பகிர்கோப்பு நூல்: செவ்வாப்பேட்டை உரையுடன்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரத்துக்கு உறுப்பு எட்டு. காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். முறைப்படி சொல்லிவிடுகிறோம்.

ஆக்கியோன் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அதுவே. வழி, முன்னோர் பறிகொடுத்த வழி. எல்லை, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், மேற்கே காக்களூர் தொழிற்பேட்டை, தெற்கே செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன், கிழக்கே ஃபைபர் கேபிள் அறுந்து கிடக்கும் இடம். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, தொகை வகை விரி. நுதலிய பொருள், ஆபீஸில் எல்லோரும் திறக்கும் ஃபைல்களுக்கு யார் ஆண்டை, அவை போனால் எங்கிருந்து திரும்பும் என்பது. கேட்போர்: கேட்க வேண்டியவர் முதலாளி, கேட்பவர் கணக்குப்பிள்ளை. பயன், மார்ச் 31 அன்று தூக்கம். காலம், பெரும்பாலும் டிசம்பர். களம், ஏ.சி. ஓடாத சர்வர் ரூம். காரணம், ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டமை.

இனி நூல்.

இயல் 1: கோப்பியல்

பகிர்கோப்பு என்பது யாதோ எனின், ஒரு பெட்டியில் இருந்துகொண்டு பல திரைகளில் தோன்றுவது. சிறு பட்டறை ஒன்றின் முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் இருக்கும். மூலையில், ஸ்டெபிலைசருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே, ஒரு கறுப்புப் பெட்டி மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும். அதன் பெயர் நாஸ். அது நாலு திரையிலும் ‘இசட் டிரைவ்’ என்று வந்து நிற்கும். டை டிராயிங், டேலி கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பி.எஃப். பட்டியல், முதலாளி மகளின் கல்யாண ஆல்பம் எல்லாம் அதற்குள்.

இப்பெட்டிகள் பேசும் மொழி இரு குடும்பத்தது. ஒன்று, 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த என்.எஃப்.எஸ்.; யூனிக்ஸ், லினக்ஸ் வீடுகளில் பேசப்படுவது. மற்றொன்று, 1980-களில் ஐ.பி.எம்.மில் பிறந்து மைக்ரோசாஃப்ட்டில் வளர்ந்த எஸ்.எம்.பி.; விண்டோஸ் வீடுகளில் பேசப்படுவது. இந்த இரண்டாம் மொழியை லினக்ஸுக்குக் கற்றுக்கொடுத்தது, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சம்பா. நம் மூலைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது லினக்ஸும் சம்பாவும்தான்.

பெட்டிக்குள் இருக்கும் ஃபோல்டர் நால்வகைப்படும். பெயருடையன: பர்ச்சேஸ், சேல்ஸ் போல்வன. பெயரிலிகள்: நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2 என எண்ணால் மட்டும் வேறுபடுவன. முடிந்ததாகச் சொல்லிக்கொள்வன: ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் கரெக்‌ஷன் என முடியாமல் நீள்வன. அஞ்சப்படுவன: ‘டோன்ட் டெலீட்’ என்று மட்டும் பெயர் தாங்கி, உள்ளே என்னவென்று யாரும் திறந்து பாராமல், மூன்று சர்வர் மாறியும் கூடவே வருவன. நாலாம் வகையே ஒரு நிறுவனத்தின் உண்மையான குலதெய்வம் என்க.

இயல் 2: ஆளியல்

யாவர்க்கும் யாவும் திறந்த கோப்பகம்
யார்செய் தார்என அறிதற் கரிதே.

இது நூற்பா. இதன் கருத்து, அட்மின் உரிமை உடையோரை வகுத்தல். அவர் அறுவகையர்.

முதலாவது, முதலாளி அட்மின். காசு போட்டவர் என்பதால் எல்லா உரிமையும் உடையவர். எதையும் செய்யத் தெரியாதவர். தெரியாதிருக்கும் வரை ஆபத்தில்லை.

இரண்டாவது, மச்சான் அட்மின். பி.இ. முடித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் பெங்களூர் போனவர். அவர் போட்ட பாஸ்வேர்டு அவருக்கும் மறந்துவிட்டது.

மூன்றாவது, ஏ.எம்.சி. அட்மின். வருடாந்தர ஒப்பந்தத்தில் வரும் தம்பி. திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் தன் பொறுப்பில் உள்ள எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர். ஒரு பூட்டு திறந்தால் எல்லாப் பூட்டும் திறக்கும் என்பது இவ்வகையின் சிறப்பிலக்கணம்.

நான்காவது, போன அட்மின். வேலையை விட்டுப் போனவர். அவருடைய லாகின் மட்டும் போகாதது. சம்பளம் நின்றுவிட்டது, உரிமை நிற்கவில்லை.

ஐந்தாவது, ஆளில்லா அட்மின். ஸ்கேனர், சி.என்.சி. மெஷின், வருகைப் பதிவுக் கருவி ஆகியவை இசட் டிரைவில் எழுத வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்ட லாகின். ‘ஸ்கேன்’ என்று பெயர், ‘ஸ்கேன்123’ என்று பாஸ்வேர்டு, அட்மின் என்று தகுதி. காகிதத்தைப் படமெடுக்கும் கருவிக்குக் கம்பெனியையே அழிக்கும் உரிமை எதற்கு என்று கேட்டால், “இல்லன்னா ஸ்கேன் ஆக மாட்டேங்குது சார்” என்பது விடை.

ஆறாவது, எல்லாரும் அட்மின். ஷேர் அமைக்கும்போது உரிமைப் பெட்டியில் ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’ என்று டிக் அடித்துவிடுவது. இதனால் ஒருவரும் புகார் சொல்லமாட்டார். ஒருவரும் பொறுப்பும் ஏற்கமாட்டார்.

பதவிக்குக் காலவரை வைக்க வேண்டும் என்பதை இம்மண் அறியாததன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரிய உறுப்பினருக்கு 360 நாள் என்று வரை வைத்தன. முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடவோலைக் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தகுதி இழப்பர். இவ்விதியை இசட் டிரைவுக்குப் பொருத்தினால் மேற்கண்ட ஆறில் மச்சானும் போனவரும் அன்றே வெளியேறுவர். 360 நாள் கழிந்தால் தானாக அற்றுப்போகும் லாகினை விண்டோஸிலும் லினக்ஸிலும் அமைக்கலாம். அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாகவே இருக்கிறது.

இனி உச்ச அதிகாரம். லினக்ஸில் அதன் பெயர் ரூட், எண் 0. ஒரு கம்ப்யூட்டரின் ரூட், என்.எஃப்.எஸ். வழியாக இன்னொரு பெட்டிக்குள் நுழைந்தால் அங்கேயும் ரூட்டா? அல்லன். ரூட் ஸ்குவாஷ் என்னும் ஏற்பாடு அவனை வாசலிலேயே நிறுத்தி, 65534 என்னும் பெயரற்ற எண்ணைக் கொடுத்து உள்ளே விடும். லினக்ஸில் இது கேட்காமலே கிடைக்கும் காப்பு. இதற்கு விலக்கு: வழக்கமான என்.எஃப்.எஸ். அமைப்பு, வந்தவன் சொல்லும் எண்ணை அப்படியே நம்பும். தன் கம்ப்யூட்டரில் ரூட்டாக இருப்பவன் கணக்குப்பிள்ளையின் எண்ணைப் பூண்டு வந்தால், பெட்டி அவனைக் கணக்குப்பிள்ளை என்றே கும்பிட்டு வரவேற்கும். அதைத் தடுக்கக் கெர்பரஸ் போன்ற தனிச் சான்று முறை வேண்டும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. இரவில் பேக்கப் எடுக்கும் புரோகிராம் ரூட்டாகத்தான் ஓடும். வாசலில் அதன் கிரீடத்தைப் பிடுங்கிவிட்டதால், உரியவர் மட்டும் படிக்கலாம் என்று பூட்டிய ஃபைல்களை அது படிக்க முடியாது. காலையில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று பக்கம் பக்கமாகப் பிழை. தம்பி வந்து, காப்பையே எடுத்துவிட்டு ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ என்று எழுதிவிட்டுப் போவார். பேக்கப் ஓடும், வாசலும் திறந்தே இருக்கும். விண்டோஸிலும் கதை இதுவே. அங்கே ‘பேக்கப் ஆபரேட்டர்ஸ்’ என்று ஒரு குழு உண்டு, பெயர் சாதுவானது. ஆனால் எந்தப் பூட்டையும் மதியாமல் எந்த ஃபைலையும் படிக்க அக்குழுவினருக்கு உரிமை உண்டு. நகலெடுக்க வேண்டுமெனில் படிக்க வேண்டுமே! ஆகவே நகலெடுப்போன் பாதி அட்மின் என்க.

இயல் 3: அழிவியல்

அழிவு நால்வகைத்து: கையால் வருவது, கள்வனால் வருவது, கருவியால் வருவது, காலநிலையால் வருவது. நான்கும் ககரத்தில் தொடங்குவது மனப்பாடத்துக்கு எளிது.

கையழிவு: இழுத்துப்போட்ட ஃபோல்டர் வேறு ஃபோல்டருக்குள் விழுந்து மறைவது, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் அடிப்பது. சிறியோர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய லாக் ஃபைல்களைக் கழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதப்பட்டது. பாதியில் புதியதைப் படித்த அது, எதை அழிப்பது என்ற பெயர் காலியாக இருக்க, ஆராய்ச்சியாளர் தரவையே கழிக்கத் தொடங்கியது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி ஃபைல்கள். காக்கப் போன கையே கழுத்தைப் பிடித்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று உரையாசிரியர்க்குக் கிடைக்கவில்லை.

கள்வனழிவு: பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் பரவியது எஸ்.எம்.பி. வழியாக, அதாவது ஃபைலைப் பகிரும் அதே வாசல் வழியாக. அந்த வாசலில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. “அப்டேட் போட்டா டேலி ஸ்லோ ஆயிடும்” என்று தள்ளிப்போட்டவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். நம் எல்லைக்கு அருகே திருமலை தேவஸ்தானத்துக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் மாட்டின. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது இன்னும் பெரிது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். கள்வன் கை எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தரவு திரும்பக் கிடைத்தது.

கருவியழிவு: டிஸ்க் சாவது. சாகாத டிஸ்க் இல்லை. எப்போது என்பதே வேறுபாடு.

காலநிலை அழிவு: வெள்ளம், புயல், மின்னழுத்தம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையேறியபின் திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த பெட்டி முதலில் நனையும். பெட்டி மூலையில் தரையில் இருப்பதும், அதன் பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கடைசி இழுப்பறையில் இருப்பதும் இவ்வட்டாரத்து வழக்கு.

இயல் 4: நகலியல்

அழிப்போன் கையே காப்போன் கையெனின்
காப்பும் அழிவும் ஒருநாள் நிகழும்.

இந்நூலின் நடு நூற்பா இதுவே. மற்றவை இதற்கு உரை.

நகல் மூவகைப்படும்: போலி, நகல், நல்ல நகல்.

போலி நான்கு. ஒன்று, ரெய்டு. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது தாங்கும் இம்முறையை 1980-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வகுத்தார்கள். அது கருவியழிவை மட்டும் தடுக்கும். தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழித்துத் தரும். இரண்டு, அதே பெட்டிக்குள் ‘பேக்கப்’ என்று பெயரிட்ட ஃபோல்டர். மூன்று, எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். கள்வன் அசலைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டுவான்; அவனுக்கு அது எஃப் டிரைவ், அவ்வளவே. நான்கு, கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டர். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். பழைய பதிப்பைச் சில காலம் வைத்திருக்கும் ஏற்பாடு இருந்தால் பிழைக்கலாம், அந்த ஏற்பாட்டை அணைக்கும் உரிமையும் அதே அட்மினிடம் இருக்கும்.

ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த பிரதி, போலியா, நகலா? இது வழக்கு. 1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டத்தில் இரவுதோறும் ஒவ்வொருவர் இடத்துக்கும் படிக்க மட்டுமேயான ஒரு பிரதி எடுத்துவைக்கலாம். நேற்று அழித்ததை இன்று பயனரே எடுத்துக்கொள்வார். அட்மினைக் கெஞ்ச வேண்டியதில்லை. கையழிவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் அப்பிரதி அசல் இருக்கும் அதே டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். ஆகவே ஒரு வகை அழிவுக்கு நகல், மற்ற மூன்றுக்குப் போலி என்பதே துணிபு.

நகல் என்பது வேறு கருவியில், வேறு இடத்தில், வேறு கையில் இருப்பது. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வெளியூரில் என்னும் 3-2-1 சூத்திரத்தைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர். பலர் இதில் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வர். செவ்வாப்பேட்டையில் ஒன்று, கும்மிடிப்பூண்டி யூனிட்டில் ஒன்று வைத்து, “ரெண்டு ஊர் ஆச்சே” என்பர். ஒன்று அரக்கோணம் லைன், மற்றது கூடூர் லைன். ரயிலில் போக சென்னை மூர் மார்க்கெட் பக்கம் வந்து திரும்ப வேண்டும் என்பது உண்மைதான். வங்கக் கடலில் கிளம்பும் புயலுக்கு அந்த டிக்கெட் தேவையில்லை. இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே காற்று. வெளியூர் என்றால் கோயம்புத்தூரோ மதுரையோ ஆகட்டும்.

நல்ல நகல் என்பது அசலை அழிக்கும் கை எட்டாத நகல். வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இருவரும் நல்லவர் என்பது வங்கிக்குத் தெரியாமலா இருக்கும்? நல்லவரையும் சோதனையிலிருந்து காக்கவே இரண்டு சாவி. அதுபோல, இசட் டிரைவின் அட்மினுக்குப் பேக்கப் பெட்டியில் லாகினே இருக்கக் கூடாது. அசல் பெட்டி நகலைத் தள்ளிவிடுவதாக அமையாமல், பேக்கப் பெட்டி வந்து படிக்க மட்டுமேயான உரிமையோடு இழுத்துக்கொள்வதாக அமைய வேண்டும். தள்ளுபவனுக்கு எழுதும் உரிமை வேண்டும். எழுத முடிந்தவன் அழிக்கவும் கூடும். இழுப்பவனுக்குக் கண் போதும். மேலே ஆளியலில் வாசலைத் திறந்துவைத்த தம்பிக்கும் இதுவே விடை: கிரீடத்தோடு வரும் பேக்கப்புக்கு ஒரே ஒரு முகவரியிலிருந்து, படிப்பதற்கு மட்டும் வழி விடு; மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ரூட் ஸ்குவாஷ் இருந்தபடியே இருக்கட்டும்.

இணைப்பே இல்லாத நகல் இவற்றுள் தலை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்னும் நச்சுநிரல் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் லாகின் சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. எல்லாம் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்பவை. ஆகவே ஒன்றாகவே அழிந்தன. தப்பியது கானாவில் இருந்த ஒன்று. காரணம் தொழில்நுட்பம் அன்று. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மின்வெட்டைப் பேக்கப் முறையாகக் கொண்டால் திருவள்ளூர் மாவட்டம் ஒரு காலத்தில் உலகிலேயே பாதுகாப்பான இடமாக இருந்திருக்கும் என்பர் ஒருசார் ஆசிரியர். அது பொருந்தாது; எந்த நேரத்தில் போகும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வாரம் ஒருமுறை நகலெடுத்து வயரைக் கழற்றி வேறு வீட்டில் வைப்பதே நாம் தேர்ந்தெடுக்கும் மின்வெட்டு.

இயல் 5: மீட்பியல்

மீட்டுப் பாரா நகலெனப் படுவது
நகலென நம்பப் படுவதோர் கோப்பே.

பழந்தமிழ்ச் சான்று ஒன்று. கொள்ளிடக்கரைத் திருமழபாடிக் கோயிலின் ஸ்ரீவிமானத்தை எடுத்துக் கட்ட முதலாம் இராசராசன் காலத்தில் முடிவாயிற்று. சுவரெல்லாம் கல்வெட்டு, நிலம், விளக்கு, நெய் என்று கோயிலின் உரிமை முழுவதும் அதில். இடிக்கும் முன் அவற்றைப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். புதிய விமானம் எழுந்தபின் இராசேந்திரன் காலத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் கல்லில் வெட்டினார்கள். நகல், அசலின் அழிவு, மீட்பு ஆகிய மூன்றும் திட்டமிட்டு நிறைவேறியதற்கு நல்ல சாட்சி. எடுத்தவர் ஒரு தலைமுறை, மீட்டவர் மறு தலைமுறை. அரசன் மாறியும் ஃபைல் திறந்தது.

இக்காலத்து நிலையைக் காக்களூர் பக்கத்து உரையாடல் ஒன்றால் விளக்குவோம்.

“அண்ணே, பேக்கப் எடுக்குறீங்களா?”

“டெய்லி நைட்டு ஓடுதேப்பா. மெயில்கூட வருது.”

“மெயில்ல என்னண்ணே போட்டிருக்கு?”

“யாரு படிச்சா?”

மெயிலைத் திறந்தால் ‘டிஸ்க் ஃபுல்’ என்று மூன்று மாதமாக எழுதியிருக்கும். இது சிறு பட்டறைக் குறையன்று. 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுவோர் உலகமெங்கும் நம்பியிருக்கும் கிட்லாப்பில் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். ஐந்து வகை பேக்கப் முறைகள் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நம்பி எடுக்கும்படி இல்லை. தினசரி நகல் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொன்ன மெயில்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்டால் பிழைத்தார்கள்.

மீட்புச் சோதனை மூவகை. கடை: ஃபைல் இருக்கிறதா என்று பெயரைப் பார்ப்பது. இடை: ஒரு டிராயிங்கை மீட்டுத் திறந்து, அளவுகள் சரியா என்று டை ஃபிட்டரிடம் காட்டுவது. தலை: ஒரு சனிக்கிழமை மதியம் அசல் பெட்டியை அணைத்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் டேலியை முழுதாக மீட்டு, கணக்குப்பிள்ளை ஒரு இன்வாய்ஸ் போட்டுக் காட்டுவது. அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சுவரில் எழுதி வைக்க வேண்டும். பேரிடர் நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

சட்டமும் இதில் தலையிடும். பிரைவேட் லிமிடெட் ஆயின், கம்பெனிகள் (கணக்கு) விதிகளின் 2022 திருத்தப்படி கணக்குப் புத்தகத்தின் நகல் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். கள்வன் புகுந்தால், 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ‘எல்லாரும் அட்மின்’ வகையினர் இங்கே தடுமாறுவர். லாக் இருக்கும்; செய்தவர் பெயர் ‘அட்மின்’ என்றிருக்கும்.

புறனடை

மேற்கூறிய வகைகளில் அடங்காத அட்மின்களும் போலிகளும் இனித் தோன்றக் கூடும். கற்றோர் அவற்றை உரிய இயலில் சேர்த்துக்கொள்க. நூல் முழுதும் படிக்க நேரமில்லாத முதலாளிமார் ஒரு கேள்வியை மட்டும் நாளைக் காலை கேட்டால் போதும்: “இசட் டிரைவை இன்னிக்கி முழுசா அழிக்க முடிஞ்ச ஆளு, அதோட பேக்கப்பையும் அழிக்க முடியுமா?” முடியும் என்றால், அந்த இரண்டில் ஒரு சாவியை மாலைக்குள் வேறொருவர் கைக்கு மாற்றுக. அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தாலும் சரியே. மச்சானாக மட்டும் வேண்டாம்.

இந்நூலின் ஒரு பிரதி மதுரையில் உள்ளது. அதைத் திருத்தவோ அழிக்கவோ ஆக்கியோனுக்கு உரிமை இல்லை.